ஸ்கை தீவில் ஒரு பகலும் நேப்பியர் பிரபுவும்



ஸ்கை தீவை ஒரே பகலில் பார்த்துவிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு முதலில் கிலோமீட்டர் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கும் இன்வர்னெஸ் நகரத்திலிருந்து தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீ ஏறக்குறைய 185 கிலோமீட்டர். நெஸ் ஏரிக் கரையோரமாகப் போய், பிறகு மேற்கே திரும்பி மலைகளுக்குள் நுழையும் சாலை அது. நிற்காமல் ஓட்டினால் இரண்டரை மணி நேரம். போக வர ஐந்து. தீவின் வடபகுதியான டிராட்டர்னிஷ் தீபகற்பத்தை ஒரு சுற்று சுற்ற இன்னும் எண்பது கிலோமீட்டர். அங்கங்கே சாலை ஒற்றைத் தடமாகக் குறுகும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும். காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறவர் இரவு ஏழுக்குத் திரும்பினால், வண்டியை விட்டு இறங்கி நின்ற நேரம் நான்கு மணி இருந்தால் அதிகம்.

எடின்பரோவிலிருந்தே காலையில் போய் இரவில் திரும்பலாம் என்றும் விளம்பரங்கள் உண்டு. ஒரு வழிக்கே ஐந்து மணி நேரம் ஆகும் பயணம் அது. சாலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் போகலாம்.

பருவமும் கணக்கில் சேரும். வட அட்சம் 57 பாகைக்கு மேலே இருப்பதால், ஜூன் மாதத்தில் அங்கே பதினேழு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். டிசம்பர் கடைசியில் ஆறரை மணி நேரம்தான். மாலை நான்குக்கு முன்பே இருட்டிவிடும். கோடையில் வெளிச்சத்தோடு மிட்ஜ் என்னும் பூச்சியும் வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுதான். காற்றில்லாத மாலையில் ஆயிரக்கணக்கில் மொய்த்துக் கடிக்கும். ஸ்கைக்குப் போகிறவர் மழையைவிடக் காற்றில்லாத நாளுக்குத்தான் அஞ்ச வேண்டும்.

இவ்வளவு குறைந்த நேரத்தில் போகிறவர்கள் பலர் தனி வேன் பேசிக்கொள்கிறார்கள். ஆறேழு பேர் உட்காரும் வண்டி, ஓட்டுகிறவரே வழிகாட்டி. பயிற்சியும் தேர்வும் முடித்துப் புளூ பேட்ஜ் வாங்கிய வழிகாட்டிகளுக்கு ஸ்காட்லாந்தில் மதிப்பு அதிகம், கட்டணமும் அதிகம். பெரிய பேருந்தில் ஒரு இருக்கைக்கு ஆகும் செலவைப்போல இது பல மடங்கு. இவ்வளவு கொடுத்து வாங்குவது என்ன? பேருந்து போகாத சாலையில் திரும்பும் உரிமை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர். ஆனால் நடைமுறையில், தனி வேன் எடுத்தவர்களும் பேருந்துக்காரர்களின் பட்டியலையே கொஞ்சம் வேகமாக முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். எய்லியன் டோனன் கோட்டை, ஸ்லிகாஹன் பாலம், ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டார், கில்ட் ராக் அருவி, குவிராங், ஃபேரி பூல்ஸ், டன்வேகன் கோட்டை. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் குவிராங் வடகிழக்கில், ஃபேரி பூல்ஸ் தென்மேற்கில், டன்வேகன் வடமேற்கில். மூன்றையும் ஒரே பகலில் பிடிக்கிறவர் எதையும் பார்ப்பதில்லை.

இந்தப் பட்டியலில் இருக்கும் இடங்களைக் குறைத்துப் பேசுவது நோக்கமில்லை. அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் அருமையான கதைகள் இருக்கின்றன. அவை காதில் விழாமலே படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

எய்லியன் டோனனை எடுத்துக்கொள்ளலாம். மூன்று ஏரிகள் கூடுமிடத்தில், சிறு பாலத்தின் கோடியில் நிற்கும் கோட்டை. 'குச் குச் ஹோத்தா ஹை' படப் பாடலில் வந்தது. பார்க்கிறவர்கள் அதை இடைக்காலத்துக் கோட்டை என்றே நம்புகிறார்கள். பழைய கோட்டையை 1719-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் சுட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டன. இருநூறு ஆண்டுகள் வெறும் இடிபாடு. இன்று நிற்கும் கட்டடம் 1932-இல்தான் முடிந்தது. அதைச் சொல்லாமல் விடும் வழிகாட்டியிடம் அன்றைக்கு வேறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்து வருவது ஸ்கை பாலம். 1995-இல் தனியார் முதலீட்டில் கட்டி, போக ஒருமுறை, வர ஒருமுறை என்று கட்டணம் வசூலித்தார்கள். கடைசியில் ஒரு காருக்கு ஐந்து பவுனையும் தாண்டிவிட்டது. மருத்துவமனைக்குப் போவதற்கும் ஆட்டுக்குத் தீவனம் வாங்குவதற்கும் காசு கட்டச் சொன்னால் யார் பொறுப்பார்கள்? தீவுக்காரர்கள் கொடுக்க மறுத்தார்கள், வழக்குகளைச் சந்தித்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். 2004 டிசம்பரில் கட்டணம் ஒழிந்தது. இன்று வேன் ஒரு நொடிகூட நிற்காமல் பாலத்தைக் கடப்பதால் இந்தக் கதையைச் சொல்ல நேரமே கிடைப்பதில்லை. ஸ்கை மக்களின் குணம் என்ன என்பதை அறிய இதுவே நல்ல முன்னுரை. பிறகு வரும் கதைக்கும் இது உதவும்.

பாலத்துக்கு அப்பால் ஸ்லிகாஹனில் கருப்புக் கூலின் மலைத்தொடர் முழுசாகத் தெரியும், மேகம் மனம் வைத்தால். காப்ரோ என்னும் கரடுமுரடான தீப்பாறை. மலையேறுகிறவர்களின் விரல் நுனியைத் தேய்த்துவிடும், பிடிமானம் மட்டும் அபாரம். பாறையில் காந்தத் தன்மை இருப்பதால் திசைகாட்டி முள் சில இடங்களில் தவறாகக் காட்டும். தொடரின் மிக உயர்ந்த சிகரம் ஸ்குர் அலஸ்டர், 992 மீட்டர். 1873-இல் முதலில் ஏறிய அலெக்சாண்டர் நிக்கல்சன் என்னும் ஷெரிஃபின் பெயர் அதற்கு. ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் என்றால் நீதிபதி. ஸ்கையிலேயே பிறந்தவர், தீவின் பாரம்பரிய மொழியான கேலிக்கில் அறிஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சற்று நேரத்தில் வேறு ஒரு வேலையில் அவரைச் சந்திப்போம்.

எதிரே கூம்பு வடிவத்தில் நிற்பது கிளாமேக், 775 மீட்டர். 1899-இல் ஹர்கபீர் தாபா என்ற கூர்க்கா வீரர் ஸ்லிகாஹன் விடுதியிலிருந்து ஓடி, அதன் உச்சியைத் தொட்டு, 55 நிமிடங்களில் திரும்பினார். வெறுங்காலோடு. அவரை அழைத்து வந்தவர், பின்னாளில் எவரெஸ்ட் குழுக்களுக்குத் தலைமை தாங்கிய சார்ல்ஸ் புரூஸ். இப்போதும் ஆண்டுதோறும் அதே மலையில் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. நவீனக் காலணி போட்டு ஓடுகிறவர்களுக்கும் அந்த 55 நிமிடம் எளிதில் வாய்ப்பதில்லை.

டிராட்டர்னிஷில் பார்க்க வேண்டியது நிலச்சரிவு. முப்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழக்குப் பக்கம் முழுக்கச் சரிந்து கிடக்கிறது. பிரிட்டனிலேயே பெரிய நிலச்சரிவு இதுதான். கீழே ஜுராசிக் காலத்துக் களிப்பாறையும் மணற்பாறையும். அதன் மேல் சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த கனத்த பசால்ட். பாரம் தாங்காமல் அடிப்பாறை நழுவ, மேல்பாறை துண்டு துண்டாக உடைந்து வெளியே சாய்ந்தது. ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டார் என்னும் ஐம்பது மீட்டர் ஒற்றைத் தூண் அப்படிச் சாய்ந்ததில் மிச்சம் நின்றது. 1955-இல் டான் வில்லன்ஸ் என்னும் மலையேற்றக்காரர் ஏறும் வரை எவரும் அதன் தலையில் கால் வைக்கவில்லை. குவிராங் பக்கம் சரிவு இன்னும் முடியவில்லை. அதன் அடிவாரத்தில் ஃப்ளோடிகாரி அருகே சாலை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பதால் அடிக்கடி செப்பனிட வேண்டியிருக்கிறது.

அந்தக் கீழ்ப்பாறையில் டைனோசர் கால்தடங்கள் பதிந்திருக்கின்றன. ஸ்டாஃபின் கடற்கரையில் நீர் வடிந்த நேரத்தில் போனால் பார்க்கலாம். 2017-இல் டிராட்டர்னிஷ் கரையில் ஒரு பறக்கும் ஊர்வனவின் எலும்புக்கூடு கிடைத்தது; இறக்கை விரித்தால் இரண்டரை மீட்டருக்கு மேல். 2022-இல் கேலிக் மொழியிலேயே அதற்குப் பெயர் சூட்டினார்கள். உள்ளூர்க்காரரான டூகல்ட் ராஸ் 1976-இல் பழைய பள்ளிக் கட்டடத்தில் அமைத்த சிறு அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. பட்டியல் பயணிகள் அதைத் தாண்டிப் போய் அருவியைப் படம் எடுக்கிறார்கள்.

இதுவரை சொன்னது பாறை சரிந்த கதை. மனிதர்களைச் சரித்த கதையை இனிப் பார்க்கலாம்.

ஸ்கையைப் பார்க்க வருகிறவர்கள் சொல்லும் பாராட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: என்ன அமைதி, கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லை! இயற்கை அப்படியே விட்டுவைத்த இடம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். 1841 கணக்கெடுப்பில் இந்தத் தீவில் 23,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2011-இல் பத்தாயிரம். இடையில் எட்டாயிரத்துக்கும் கீழே போய் மீண்டது. இந்த வெறுமையில் பெரும்பங்கு மனிதர்கள் செய்தது. நிலம் முழுக்க இரண்டு மூன்று பெருநிலக்கிழார்கள் கையில். குடியானவர்களுக்குப் பட்டா இல்லை, ஆண்டுக்கு ஆண்டு குத்தகை. க்ராஃப்ட் எனப்படும் சிறு துண்டு நிலம், அதோடு ஊர்ப் பொதுவான மேய்ச்சல் மலை, இவற்றை வைத்துப் பிழைத்தவர்கள். குடியானவரிடம் வரும் குத்தகையைவிட ஆட்டுப் பண்ணைக்காரர் கொடுக்கும் தொகை அதிகம் என்று ஆனதும் ஊர்களைக் காலி செய்யத் தொடங்கினார்கள். 1846-இல் உருளைக்கிழங்கு அழுகி வந்த பஞ்சம் மிச்சத்தைச் செய்தது.

1852 கடைசியில் ஹெர்குலிஸ் என்ற பழைய போர்க்கப்பல் ஸ்கையிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் 700-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. பெரியம்மையும் டைபஸ் காய்ச்சலும் பரவி, கடற்பயணம் உருப்படியாகத் தொடங்கும் முன்பே அயர்லாந்துக் கரையில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

1853-இல் தெற்கே சூஷ்னிஷ், போரரேக் என்ற இரண்டு ஊர்கள் காலி செய்யப்பட்டன. எதிர்த்து நின்ற மூன்று சூஷ்னிஷ்காரர்கள் மீது இன்வர்னெஸ்ஸில் வழக்கு நடந்தது; ஜூரி அவர்களை விடுவித்தது. ஊர் திரும்பினார்கள். அதே குளிர்காலத்தில் மறுபடி வெளியேற்றினார்கள். சட்டம் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது, ஆனால் வீடு அவர்களுடையது என்று சொல்லவில்லை. சூஷ்னிஷ் மக்கள் வரிசையாக ஊரை விட்டுப் போவதைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் ஆர்ச்சிபால்ட் கீக்கி. தீவின் பாறைகளை ஆராய வந்த இளைஞர். பின்னாளில் பிரிட்டனின் புவியியல் ஆய்வுத் துறைக்கே தலைவரானவர். அரை நூற்றாண்டு கழித்து, 1904-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் அந்த ஊர்வலத்தையும் பள்ளத்தாக்கு முழுக்க ஒலித்த அழுகையையும் மறக்காமல் எழுதினார். இரண்டு ஊர்களின் கற்சுவர்களும் இன்றும் புல்லுக்கு நடுவே இருக்கின்றன. அங்கே போய்வர ஒரு பகல் நடக்க வேண்டும்; நாள் பயணிக்குக் கட்டாது.

ஆனால் வண்டியிலேயே போகக்கூடிய ஓர் இடம் உண்டு. போர்ட்ரீக்குச் சற்றுத் தெற்கே பிரதான சாலையிலிருந்து கடலோரமாகப் பிரியும் பி 883 என்ற முட்டுச் சந்துச் சாலை. அதன் கோடியில் பிரேஸ். எதிரே நீரிணைக்கு அப்பால் ராசே தீவு. கேலிக் மொழியின் பெருங்கவி சோர்லி மக்லீன் ராசேயில் பிறந்து, ஓய்வுக் காலத்தில் வாழ்ந்தது இந்த பிரேஸில். பேருந்துகள் இங்கே வருவதில்லை. சாலையோரத்தில் கல் அடுக்கிய ஒரு நினைவுச் சின்னம். அதன் கதை இது.

பிரேஸ் மக்களிடமிருந்து பென் லீ என்ற மலையின் மேய்ச்சல் உரிமையை, தீவின் பெருநிலக்கிழார்களில் ஒருவரான மெக்டோனல்ட் பிரபுவின் நிர்வாகம் 1865-இல் பறித்து ஆட்டுப் பண்ணைக்கு விட்டது. நம் ஊர் வழக்கில் சொன்னால், மேய்ச்சல் புறம்போக்கைப் பிடுங்கியதற்குச் சமம். பதினாறு ஆண்டுகள் பொறுத்தார்கள். மலையைத் திருப்பித் தந்தால்தான் குத்தகை என்று 1881 கடைசியில் பணம் கட்டுவதை நிறுத்தினார்கள். 1882 ஏப்ரலில் வெளியேற்ற நோட்டீஸோடு கோர்ட் ஆள் வந்தார். கூட்டம் மறித்து, அவர் கையாலேயே நோட்டீஸ்களை எரிக்க வைத்தது. சில நாள் கழித்து, விடியற்காலை மழையில், கிளாஸ்கோவிலிருந்து சுமார் ஐம்பது போலீஸ்காரர்கள் வந்து ஐந்து பேரைக் கைது செய்தார்கள். திரும்பும் வழியில் குறுகலான இடத்தில் ஊர் மறித்தது. கல்லெறிந்தவர்களில் முன்னே நின்றவர்கள் பெண்கள். பலருக்கு மண்டை உடைந்தது. கைதானவர்களுக்கு இன்வர்னெஸ் நீதிமன்றம் அபராதம் விதிக்க, ஆதரவாளர்களே கட்டினார்கள். பத்திரிகைகள் எழுதின. அந்த ஆண்டு முடிவதற்குள் பென் லீ பிரேஸ் மக்களுக்கே குத்தகைக்குத் திரும்பியது.

கொந்தளிப்பு தீவு முழுக்கப் பரவவே, 1883-இல் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர், பத்தாவது நேப்பியர் பிரபு பிரான்சிஸ் நேப்பியர். ஆம், 1866 முதல் 1872 வரை மதராஸ் ஆளுநராக இருந்தவரேதான். கூவம் கடலில் சேருமிடத்தில் 1869-இல் எழுந்து, அவர் பெயரைத் தாங்கி நிற்கும் நேப்பியர் பாலத்தைச் சென்னைக்காரர்கள் தினமும் கடக்கிறார்கள்; 2022 செஸ் ஒலிம்பியாடுக்கு அதைக் கருப்பு வெள்ளைக் கட்டங்களால் அலங்கரித்தபோது நாடே படம் பார்த்தது. மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட வைத்தவரும் அவர். பதவியேற்ற ஆண்டிலேயே மாகாணத்தின் வடகோடியில் கஞ்சம் பஞ்சத்தைச் சந்தித்தவர். அவருடைய குழுவில் இன்னோர் உறுப்பினர், முன்பு சொன்ன ஷெரிஃப் நிக்கல்சன்.

குழுவில் நிலக்கிழார்களே அதிகம் என்று குடியானவர்கள் நம்பவில்லை. நியாயமான சந்தேகம்தான், நேப்பியரே நிலக்கிழார். ஆனாலும் 1883 மே 8 அன்று குழு முதல் அமர்வை வைத்தது லண்டனிலோ எடின்பரோவிலோ அல்ல, கல்லெறி நடந்த பிரேஸிலேயே. முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட் எழுந்து, கேலிக்கில் ஒன்று கேட்டார்: உண்மையைச் சொன்னால் என்னை வெளியேற்ற மாட்டார்கள் என்று யார் உறுதி தருவது? அந்த உறுதியைத் தரும் அதிகாரம் அரசுக் குழுவுக்கே இல்லை. கடைசியில் அங்கே உட்கார்ந்திருந்த நிலக்கிழாரின் காரியஸ்தர் வாய் திறந்து ஒப்புக்கொண்ட பிறகுதான் சாட்சி பேசினார். ஓர் ஆண்டில் குழு 61 இடங்களில் 775 பேரை விசாரித்தது. இவ்வளவு விரிவாக எளிய குடியானவர்கள் தங்கள் சொல்லாலேயே பேசும் அரசு ஆவணம் அந்தக் காலத்தில் அபூர்வம்.

1884-இல் வந்த அறிக்கை, ஊரைக் கூட்டாகச் சட்டம் அங்கீகரிக்க வேண்டும் என்றது. அரசு அதை ஏற்கவில்லை. 1886 சட்டம் ஒவ்வொரு குடியானவருக்கும் வெளியேற்ற முடியாத குத்தகை உரிமை, நியாயமான குத்தகைத் தொகை, வாரிசுக்கு விடும் உரிமை ஆகியவற்றைத் தந்தது. பறித்த நிலத்தைத் திருப்பித் தரவில்லை. நிலமே இல்லாத கூலிகளுக்கு ஒன்றும் இல்லை. அரைகுறைச் சட்டம்தான். ஆனால் இன்று டிராட்டர்னிஷில் வரிசையாகத் தெரியும் வெள்ளை வீடுகளும், ஒவ்வொன்றின் பின்னாலும் மலை நோக்கி நீளும் ஒல்லியான வயல்களும், சாலையில் குறுக்கே படுக்கும் ஆடுகளும் அந்தச் சட்டத்தால் நிலைத்தவை. வடக்கே கில்முயர் பண்ணையை 1904-இல் அரசே வாங்கியது. இன்றும் அங்கே நிலக்கிழார், அரசுதான்.

இப்போதைய சிக்கல் வேறு. வீடுகள் விடுமுறை வாடகைக்குப் போவதால் தீவில் பிறந்த இளைஞர்களுக்கு வீடு கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. பயணிகள் கொடுக்கும் பணத்தால் வாழும் தீவு, பயணிகளாலேயே நெருக்கப்படுகிறது. நல்ல வழிகாட்டி இதையும் மழுப்பாமல் சொல்வார்.

ஆகவே போகிறவர்கள் இன்வர்னெஸ்ஸில் தங்குங்கள், எடின்பரோவில் வேண்டாம். வேன் பேசும்போதே ஃபேரி பூல்ஸையும் டன்வேகனையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். ஸ்டாஃபின் அருங்காட்சியகத்துக்கு அரை மணி, குவிராங் மேட்டில் இறங்கி நடக்க ஒரு மணி ஒதுக்குங்கள். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பின்னால் வருவது மருத்துவராக இருக்கலாம். போர்ட்ரீக்கு முன்னால் பி 883-இல் திரும்பச் சொல்லுங்கள். போய்வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே நின்றதும் நேப்பியர் யார் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், சென்னையிலிருந்து போன நீங்கள் சொல்லுங்கள்.